குரலுக்கும் ஒரு சொந்த முகவரி

எங்கள் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்த நண்பர் ஒருவர், பணி ஓய்வுக்குப் பிறகு சிலப்பதிகாரத்தைக் காதை காதையாக விளக்கிப் பேசி ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார். வாரம் ஒரு காதை, அரை மணி நேரப் பேச்சு. பதிவுகளைக் கட்டணமின்றி ஏற்றுக்கொண்டு உலகெங்கும் கேட்கச் செய்வதாக அறிவித்திருந்த ஒரு நிறுவனத்தின் தளத்தில் அவற்றை ஏற்றினார். புகார்க் காண்டம் முடிந்தது. மதுரைக் காண்டமும் முடிந்தது. 23 காதைகள் ஆன நிலையில், வஞ்சிக் காண்டத்தைத் தொடங்கும் முன் அவர் மறைந்துவிட்டார்.

அடுத்த ஆண்டு அந்நிறுவனம் தன் இலவசச் சேவையை நிறுத்திக்கொண்டது. முன்னறிவிப்பு மின்னஞ்சலில் வந்திருக்கக்கூடும். அதைத் திறந்து படிக்க அவர் இல்லை. அவருடைய கடவுச்சொல் வீட்டில் எவருக்கும் தெரியாது. பதிவுகள் அனைத்தும் நீக்கப்பட்டன. அவர் பேசிப் பதிந்த கைப்பேசியும் அதற்குள் பழுதாகிக் கைமாறிவிட்டிருந்தது. திருப்பூரில் வசிக்கும் பழைய மாணவி ஒருவரின் கைப்பேசிச் செயலியில் 14 பகுதிகள் தரவிறங்கிக் கிடந்தன. அவை மட்டும் பிழைத்தன, ஒன்பது போயின.

அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்க ஏதுமில்லை. விலை கொடுக்காத பண்டத்துக்கு உத்தரவாதம் கேட்க முடியாது என்பது பொருளியலின் முதல் பாடங்களுள் ஒன்று. ஆயினும், மீட்ட 14 பகுதிகளையேனும் மீண்டும் கேட்கச் செய்ய வேண்டும் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஏழு பேர் முடிவு செய்தோம். எங்களுக்கென்று ஏற்கெனவே ஒரு சிறு இணையதளம் இருந்தது. அதில் வலையொலி ஒன்றை அமைப்பது எப்படி என்று நான் படிக்கத் தொடங்கியது அப்போதுதான். கணினித் துறை எனக்குப் புதிது. உள்ளே நுழைந்து பார்த்தபோது, அங்கிருந்தவற்றுள் பாதி நான் வகுப்பில் கற்பித்த பொருளியலாகவே இருந்தது.

பாட்காஸ்ட் எனப்படும் வலையொலியைப் பலரும் ஒரு செயலி என்றோ, காணொலி நிகழ்ச்சியின் தம்பி என்றோ எண்ணுகின்றனர். அது இரண்டு எளிய பொருள்களின் கூட்டு. ஒன்று, இணையத்தில் எங்கோ வைக்கப்பட்ட ஒலிக்கோப்பு. மற்றொன்று, அக்கோப்புகளின் முகவரிகளை வரிசையாகக் கொண்ட பட்டியல். இப்பட்டியலை ஓடை என்கிறோம். கேட்பவரின் கைப்பேசியிலுள்ள செயலி, இந்த ஓடையை அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. புதிய பகுதி இருந்தால் அறிவிக்கிறது அல்லது தானே எடுத்து வந்து வைத்துக்கொள்கிறது. திருப்பூர் மாணவியின் கைப்பேசியில் நண்பரின் குரல் தங்கியிருந்ததற்குக் காரணம் இதுவே.

இந்த ஓடையின் வடிவத்துக்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். (நம் நாட்டில் இப்பெயரைச் சொன்னவுடன் உரையாடல் வேறு திசைக்குப் போய்விடும். இது அதுவன்று.) 1999-ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இதன் முதல் வடிவம் உருவானது. அதில் முதன்மைப் பங்காற்றிய ராமநாதன் வி. குஹா, சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்தவர். செய்தித் தலைப்புகளைப் பரிமாறிக்கொள்ளவே அது பயன்பட்டது. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் டேவ் வைனர் என்ற மென்பொருள் வல்லுநர், அப்பட்டியலின் ஒவ்வொரு பதிவுடனும் ஓர் ஒலிக்கோப்பை இணைக்க வழிசெய்யும் சிறு குறியீட்டைச் சேர்த்தார். கடிதத்துடன் உறைக்குள் வைத்து அனுப்பும் இணைப்பைப் போன்றது அது. கோப்பு எங்கே உள்ளது, எத்தனை பைட் அளவு, என்ன வகை என்ற மூன்று செய்திகள் மட்டுமே அதில் உண்டு. இன்று உலகெங்கும் நடைபெறும் வலையொலித் தொழில் முழுவதும் இம்மூன்று செய்திகளின் மீதுதான் நிற்கிறது. 'பாட்காஸ்டிங்' என்ற சொல் பிறந்தது பின்னர்தான்: 2004 பிப்ரவரியில், 'தி கார்டியன்' நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில். 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் வலையொலிகளைச் சேர்த்தபோது அது பொதுமக்களிடம் பரவியது.

இதில் பொருளியல் மாணவனை ஈர்க்கும் செய்தி வேறொன்று. ஆர்.எஸ்.எஸ். விதிமுறை 2003-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையத்திடம் ஒப்படைக்கப்பட்டு, எவரும் பயன்படுத்தத்தக்க உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறைவதில்லை. எவரையும் விலக்கவும் இயலாது. பாடநூல் கூறும் பொதுப் பண்டத்தின் இலக்கணம் அப்படியே பொருந்துகிறது. இந்தச் சாலையில் சுங்கச்சாவடி கிடையாது. ஆப்பிளின் வலையொலிப் பட்டியலில் ஒரு நிகழ்ச்சி இடம்பெறுகிறது என்றால், ஆப்பிளிடம் இருப்பது நம் ஓடையின் முகவரி மட்டுமே. ஒலிக்கோப்பு நம் இடத்திலேயே இருக்கிறது. பழைய தொலைபேசி விவரப் புத்தகத்தைப் போன்றது அது. புத்தகத்திலிருந்து பெயர் விடுபட்டாலும் வீட்டுத் தொலைபேசி ஒலித்துக்கொண்டுதான் இருக்கும்.

2018-இல் கூகுள் தொடங்கிய 'கூகுள் பாட்காஸ்ட்ஸ்' செயலியை அந்நிறுவனமே 2024-இல் மூடிவிட்டது. அதனால் ஒரு வலையொலிகூட அழியவில்லை. கேட்பவர்கள் தாம் பின்தொடரும் நிகழ்ச்சிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குக் குடிபெயர்ந்தனர். அது கேட்கும் கருவி, போனால் வேறொன்று. எங்கள் நண்பருக்கு நேர்ந்ததோ வேறு. அவருடைய கோப்பு, ஓடை, ஓடையின் முகவரி ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன.

இனி, எங்கள் இணையதளத்தின் கதை. அது வேர்ட்பிரஸ் என்னும் உள்ளடக்க மேலாண்மை அமைப்பில் கட்டப்பட்டது. நிரல் எழுதத் தெரியாதவரும் தட்டச்சு செய்து, படம் சேர்த்து, 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தினால் பக்கம் உருவாகிவிடும் ஏற்பாடு இது. 2003-இல் தொடங்கிய வேர்ட்பிரஸ், கட்டற்ற மென்பொருள். உலக இணையதளங்களுள் நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டவை இதில் இயங்குகின்றன. ட்ரூபல், ஜூம்லா முதலியனவும் இவ்வகையினவே.

எனக்கு வியப்பளித்தது இதுதான். வேர்ட்பிரஸ் தளம் ஒவ்வொன்றும், உரிமையாளர் அறிந்தாலும் அறியாவிட்டாலும், ஓர் ஓடையை ஏற்கெனவே தயாரித்துக்கொண்டிருக்கிறது. தள முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடும் 'ஃபீட்' என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் அது பொதுவாகத் திரையில் தோன்றும். பதிவு ஒன்றில் எம்பி3 கோப்புக்கான இணைப்பைக் கொடுத்தால், மேற்சொன்ன மூன்று செய்திகளும் தாமாகவே ஓடையில் ஏறிவிடும். வலையொலிக்கு வேண்டிய எலும்புக்கூடு அத்தளத்தில் பிறவியிலேயே இருக்கிறது.

ஆயினும் ஆப்பிள், ஸ்பாட்டிஃபை போன்றவற்றின் பட்டியல்களில் இடம்பெற அது போதாது. நிகழ்ச்சியின் பெயர், ஆசிரியர், மொழி, துறை, அட்டைப்படம் ஆகியவை குறிப்பிட்ட முறையில் ஓடைக்குள் இருக்க வேண்டும். இதற்கெனச் செருகுநிரல்கள் உள்ளன. பவர்பிரஸ், சீரியஸ்லி சிம்பிள் பாட்காஸ்டிங் ஆகிய இரண்டும் நன்கு அறியப்பட்டவை. வேர்ட்பிரஸ்ஸின் செருகுநிரல் தொகுப்பிலிருந்து இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். நிறுவியபின் ஒரு படிவத்தை நிரப்புவது போன்ற வேலைதான். வங்கியில் கணக்குத் தொடங்குவதைவிட எளிது என்பேன்.

எளிது என்று சொல்லிவிட்டேன். ஆனால் முதல் மாலையே தடுக்கி விழுந்தோம். முதல் பகுதியைத் தளத்தில் ஏற்ற முயன்றபோது, கோப்பு அளவில் பெரியது என்று மறுக்கப்பட்டது. பேச்சை ஒற்றைத் தட ஒலியாக, நொடிக்கு 64 கிலோபிட் என்ற அளவில் சுருக்கினால் தெளிவாகவே இருக்கும். அந்த அளவில் நொடிக்கு 8 கிலோபைட், நிமிடத்துக்கு 480, அரை மணி நேரத்துக்கு 14.4 மெகாபைட். வேர்ட்பிரஸ்ஸை இயக்கும் பிஎச்பி மொழியின் இயல்பமைப்போ 2 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. பல வழங்கி நிறுவனங்கள் இந்த வரம்பை உயர்த்தியே தருகின்றன. எங்களுக்கு அமைந்தது உயர்த்தப்படாத ஒன்று. கணினித் தொழில் செய்யும் பழைய மாணவர் ஒருவர் வந்து மாற்றிக் கொடுத்தார். "ஐயா, இதற்காகவா மூன்று நாள் காத்திருந்தீர்கள்?" என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதிலில்லை.

இரண்டாவது தடுமாற்றம் மனத்தைக் கலக்கியது. 14 பகுதிகளையும் ஏற்றி முடித்துவிட்டுச் செயலியில் பார்த்தால் பத்துதான் தெரிகின்றன. மீதி நான்கும் போய்விட்டனவோ என்று நண்பரின் மனைவியிடம் சொல்லத் தயங்கி, ஓரிரவு உறக்கமின்றிக் கழித்தேன். கோப்புகள் பத்திரமாக இருந்தன. ஓடையில் அண்மைய பத்துப் பதிவுகளை மட்டும் காட்டுவது வேர்ட்பிரஸ்ஸின் இயல்பமைப்பாம். அமைப்புகளில் 'வாசிப்பு' என்ற பகுதிக்குச் சென்று, பத்து என்ற எண்ணை நூறாக மாற்றியதும் அனைத்தும் வந்தன. செய்தித்தளத்துக்குப் பழைய தலைப்பு தேவையில்லை. ஆகவே அந்த வரம்பு. காப்பியம் சொல்பவருக்கோ முதல் காதைதான் முதலில் வேண்டும்.

அட்டைப்படம் குறைந்தது 1,400-க்கு 1,400 படப்புள்ளிகள் கொண்ட சதுரமாக இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் விதி, உச்சவரம்பு 3,000. பிரிவு உபசார விழாவில் எடுத்த சிறிய படம் ஏற்கப்படவில்லை. அவர் மகள் வேறொரு படம் தேடித் தந்தார்.

ஓடையில் ஒரு மின்னஞ்சல் முகவரியும் இடம்பெறும். இந்த நிகழ்ச்சி உம்முடையதுதானா என்று உறுதி செய்ய, ஸ்பாட்டிஃபை அந்த முகவரிக்குத்தான் சரிபார்ப்புக் குறியீட்டை அனுப்புகிறது. படிவத்தை நிரப்பிய மாணவர் என் சொந்த முகவரியைக் கொடுக்கப் போனார், தடுத்தேன். எழுவருக்கும் கடவுச்சொல் தெரிந்த பொது முகவரி ஒன்றை உருவாக்கினோம். எங்கள் சராசரி வயது 68.

ஒலியைத் திருத்துவது தனிக் கலை; அதில் எனக்குப் பயிற்சியில்லை. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளின் உதவியால் மின்விசிறியின் இரைச்சலைக் குறைத்தோம். இடையிடையே கேட்கும் காக்கையின் குரலை அப்படியே விட்டுவிட்டோம்.

கோப்புகளை எங்கே வைப்பது என்பது உண்மையான பொருளியல் வினா. 14.4 மெகாபைட் கோப்பை ஆயிரம் பேர் தரவிறக்கினால் 14.4 கிகாபைட் போக்குவரத்து. குறைந்த கட்டணத்தில் பலரும் பகிர்ந்துகொள்ளும் வழங்கியில் இருக்கும் சிறு தளம், நிகழ்ச்சி புகழ்பெறும் நாளில் மூச்சுத் திணறும். கேட்பவர் கூடக் கூடச் செலவும் கூடும், வருவாய் கூடாது. அதனால் ஒலிக்கோப்புகளை மட்டும் வேறிடத்தில் வைப்பது வழக்கம். மாதக் கட்டணம் பெற்றுக்கொண்டு இதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் உள்ளன. 1996 முதல் இயங்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இலாப நோக்கற்ற நூலகமும் ஒலிப்பதிவுகளைக் கட்டணமின்றி ஏற்கிறது. கோப்பு எங்கிருந்தால் என்ன, ஓடையில் அதன் முகவரியைக் கொடுத்தால் போதும். எங்களுக்குக் கேட்பவர் குறைவு என்பதால் இப்போதைக்குச் சொந்தத் தளத்திலேயே வைத்து, ஆர்க்கைவில் ஒரு நகலும் இரண்டு வன்தட்டுகளில் ஒவ்வொரு நகலும் சேமித்துள்ளோம்.

கோப்பை எங்கும் வைக்கலாம். ஓடையின் முகவரியை அப்படி விட்டுவிடலாகாது. இந்த ஒன்றில் நான் பிடிவாதக்காரன். பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற நூல் ஒன்று உண்டு. ஒரு நிறுவனம் சீரழியும்போது அதைச் சார்ந்தவர்க்கு இரு வழிகள் என்கிறார்: வெளியேறுவது அல்லது குரல் எழுப்புவது. இலவசச் சேவையில் இருப்பவரின் குரலுக்கு மதிப்பில்லை. அவர் வாடிக்கையாளரே அல்லர். எஞ்சியிருப்பது வெளியேற்றம். வலையொலியில் வெளியேறும் கதவு எது என்றால், ஓடையின் முகவரிதான்.

முகவரி நம்முடைய தளப்பெயரில் இருந்தால், நாளை வழங்கி நிறுவனத்தை மாற்றினாலும், வேர்ட்பிரஸ்ஸை விட்டு வேறு அமைப்புக்குச் சென்றாலும் கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் செயலி அதே கதவைத் தட்டும், அடுத்த பகுதி கிடைக்கும். முகவரியையே மாற்ற நேர்ந்தாலும், 'நிரந்தரமாக இடம்பெயர்ந்துவிட்டது' என்று பொருள்படும் 301 என்ற குறிப்பைப் பழைய முகவரியில் விட்டு வைக்கலாம். ஆனால், அந்தக் குறிப்பை எழுதும் உரிமை பழைய முகவரியின் சொந்தக்காரருக்கே உண்டு. நண்பரின் ஓடை அந்நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அவரைப் பின்தொடர்ந்தவர்கள் எத்தனை பேரோ, அவர்களுடைய செயலிகள் இன்றும் அந்த மூடிய கதவைத் தட்டிக்கொண்டிருக்கலாம். 14 பகுதிகள் புதிய இடத்தில் கிடைக்கின்றன என்று அவர்களுக்குச் சொல்ல எங்களிடம் எந்த வழியும் இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு, யூடியூபில் போட்டால் போதாதா என்று கேட்காதவர்கள் குறைவு. போடலாம், நாங்களும் போட்டிருக்கிறோம். மக்கள் நடமாடும் சந்தையில் கடை விரிப்பதில் தவறில்லை. சந்தையில் கடை இருக்கட்டும், பத்திரம் வீட்டில் இருக்கட்டும் என்பதே என் வாதம்.

உரிமை குறித்து ஒரு சொல். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்துப் படைப்புக்கு ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பாதுகாப்பு உண்டு. ஆகவே நண்பரின் மனைவியிடம் எழுத்துமூலம் இசைவு பெற்றோம். தொடக்க இசையாகத் திரைப்பாடலைச் சேர்க்கலாம் என்று ஒருவர் விரும்பினார். அதற்கும் உரிமையாளர் உண்டு என்று சொல்லி நிறுத்தினோம். பணியில் இருக்கும் ஆசிரியரின் வகுப்புரை யாருக்குச் சொந்தம் என்பது சிக்கலான வினா. கல்லூரிகள் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கல்லூரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரமதிப்பீட்டுக் குழுவுக்காக நூற்றுக்கணக்கான பிடிஎஃப் ஆவணங்களை ஏற்றி வைக்காத கல்லூரித் தளம் அரிது. அவற்றைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்? அத்தளங்களுள் பலவும் உள்ளடக்க மேலாண்மை அமைப்பில் கட்டப்பட்டவை. ஓடை உண்டு, இடம் உண்டு, ஆண்டுக் கட்டணமும் ஏற்கெனவே கட்டப்படுகிறது. கூடுதலாக வேண்டியது ஒரு செருகுநிரலும், அமைதியான ஓர் அறையும்தான். ஆனால், நாற்பதாண்டு காலம் கற்பித்தவர் ஓய்வுபெறும் நாளில் பொன்னாடை போர்த்துகிறோம். அவருடைய சிறந்த பத்து விரிவுரைகளைப் பதிந்து வைப்பதில்லை. ஒவ்வொரு பதிவின் கீழும் பேச்சின் சுருக்கத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிச் சேர்ப்பது மிக அவசியம். தேடுபொறிகள் பெரும்பாலும் எழுத்தை வைத்தே தேடுகின்றன. எழுத்தில்லாத பக்கத்திலுள்ள குரல் கண்ணில் படாமலே கிடக்கும்.

சொந்தத் தளமும் சாகாவரம் பெற்றதன்று. தளப்பெயருக்கான ஆண்டுக் கட்டணத்தைக் கட்டத் தவறினால் அதுவும் போய்விடும். 1924-இல் ஆர்வலர்கள் கூடிச் சென்னையில் தொடங்கிய மதராஸ் மாகாண வானொலி மன்றம், பணமில்லாமல் 1927-இல் ஒலிபரப்பை நிறுத்தியது. 1930-இல் சென்னை மாநகராட்சி கைகொடுத்தபோதுதான் ஒலி மீண்டது. அன்று ஒலிபரப்புக் கருவிக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் எங்கள் செலவு ஒன்றுமேயில்லை. எழுவர் பங்கிட்டால் ஆளுக்கு மாதம் ஓரிரு காபியின் விலை. எங்களுக்குப் பின் யார் கட்டுவது என்பதற்கு விடை தேடியாக வேண்டும். பழைய மாணவர் சங்கத்தின் வைப்புநிதி வட்டியிலிருந்து செலுத்தலாம் என்று தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் அது விவாதிக்கப்பட உள்ளது.

எங்கள் தளத்தில் விடுபட்ட ஒன்பது காதைகளின் பெயர்களையும் பட்டியலிட்டு, எவருடைய கைப்பேசியிலேனும் இருந்தால் அனுப்பும்படி ஒரு குறிப்பு வைத்துள்ளோம். சென்ற மாதம் மலேசியாவிலிருந்து ஒருவர் அடைக்கலக் காதையை அனுப்பினார். ஓடையில் இப்போது 15 பகுதிகள் உள்ளன. வழக்குரை காதை இன்னும் கிடைக்கவில்லை.